வாலும் காதும் கண்ணும்: வீட்டுப் பூனையின் உடல்மொழியும் வளர்ப்பவரிடம் அது காட்டும் பற்றும்

முன்னுரை

நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு வீடுதான் முக்கியம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பூனைக்கு நன்றி கிடையாது, சோறு வைக்கும் கையையே பிறாண்டும் என்பது இன்னொரு பேச்சு. இரண்டு தீர்ப்புகளும் நாயை அளவுகோலாக வைத்துப் பூனையை அளந்ததால் வந்தவை. நாய் உடம்பு முழுவதையும் ஆட்டித் தன் மகிழ்ச்சியைத் தெரிவிக்கும். பூனை அதையே வால் நுனியிலும் இமை அசைவிலும் தெரிவிக்கும். பார்க்கத் தெரியாதவருக்கு அது ஒன்றும் சொல்லாதது போலவே தோன்றும்.

கடந்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இந்தச் சிறு அசைவுகளைப் பொறுமையாகப் பதிவு செய்து, சோதனைகளில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைத் தொகுத்து மூன்று கருத்துகளை இக்கட்டுரை முன்வைக்கிறது. பூனை தன்னை வளர்ப்பவரிடம் உண்மையான பற்றுக் கொள்கிறது. அதைத் தெரிவிக்கும் குறிகளில் பல, குட்டி தாயிடம் காட்டுபவை. எந்தக் குறியையும் தனித்துப் படிக்காமல், உடல் முழுவதையும் சூழலையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் பிடிபடும்.

1. வீட்டுப் பூனையின் பின்புலம்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவில் உழவு தொடங்கித் தானியம் சேமிக்கப்பட்டபோது எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவின் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழியில் ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். அந்தத் தீவுக்குப் பூனை இயற்கையாக உரியதன்று. மனிதர்தான் படகில் கொண்டு போயிருக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக வேட்டையாடியது. காட்டுப்பூனை தனித்து வாழ்ந்து, தனித்து வேட்டையாடியது. தனித்து வாழும் விலங்கு மற்றொன்றைத் தூரத்தில் வைக்கும் குறிகளில் தேர்ந்தது: சீறல், மயிர் சிலிர்ப்பு, எல்லையில் மணம் தெளித்தல். நட்பைத் தெரிவிக்க அதற்கு இருந்த முக்கியமான உறவு தாய்க்கும் குட்டிக்கும் இடையிலான ஒன்றே. மனிதரோடு வாழ வந்தபோது வீட்டுப் பூனை அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

2. உடலின் குறிகள்

2.1 வால்

நேராக மேலே நிமிர்ந்த வால், நட்பாக வருகிறேன் என்பதன் தெளிவான அறிகுறி. குட்டிகள் தாயை நோக்கி ஓடும்போது வாலை இப்படித்தான் நிமிர்த்தும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஷார்லட் கேமரூன்-போமாண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக (1997) பூனையின் நிழலுருவங்களைப் பூனைகள் முன் வைத்தார். வால் நிமிர்ந்த உருவத்தைக் கண்ட பூனைகள் தாமும் வாலை நிமிர்த்தி விரைவாக நெருங்கின. வால் தாழ்ந்த உருவத்தின் முன் தயங்கின. ரோம் நகரத் தெருப்பூனைக் கூட்டம் ஒன்றை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, கீழ்நிலையில் உள்ள பூனைகளே மேல்நிலையில் உள்ளவற்றிடம் வாலை அதிகம் நிமிர்த்துவதாகக் காட்டியது. நட்போடு ஒரு பணிவும் அந்தக் குறியில் கலந்திருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்ததும் வாலை நிமிர்த்திக்கொண்டு வரும் பூனை உங்களை அந்த மேல்நிலையில்தான் வைத்திருக்கிறது.

வால் நுனி மட்டும் துடிப்பது கவனம் கூடுவதையோ எரிச்சல் தொடங்குவதையோ காட்டும். வால் முழுவதும் தரையில் பட்பட்டென அடித்தால் பொறுமை முடிந்தது என்று பொருள். நாய் வாலாட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு கடி வாங்குகிறார்கள்.

2.2 காது

முன்னோக்கி நிமிர்ந்த காது ஆர்வத்தைக் குறிக்கும். பக்கவாட்டில் திரும்பி உட்புறம் மறையத் தொடங்கினால் சினம் அல்லது மன அழுத்தம். தலையோடு ஒட்டித் தட்டையாகப் படிந்தால் அச்சம். சண்டையில் காதைக் காத்துக்கொள்ளவும் இது உதவும். வாலைவிடக் காது விரைவாக மாறுகிறது. மடியில் படுத்திருக்கும் பூனையின் மனநிலையை அறிய முதலில் பார்க்க வேண்டிய இடம் காதுதான்.

2.3 கண்

கண்மணி விரிவதும் சுருங்குவதும் வெளிச்சத்தைப் பொறுத்தது. அச்சம், விளையாட்டு வெறி, வலி ஆகியவையும் அதை விரிக்கும். எனவே கண்மணியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இமை கொட்டாமல் வெறித்துப் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல்.

இதற்கு நேர்மாறானது மெதுவாக இமைகளைத் தாழ்த்துவது. சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தார்கள். வளர்ப்பவர் பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தபோது, பூனைகளும் கண்ணைச் சுருக்கிப் பாதி மூடுவது அதிகமானது. அறிமுகமில்லாத ஆய்வாளர் அப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டியபோது, முகத்தைச் சலனமின்றி வைத்திருந்த நேரத்தைவிடப் பூனைகள் அந்தக் கையை அதிகமாக நாடின. இதை எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

2.4 முழு உடல்

ஜெர்மானிய ஆய்வாளர் பால் லைஹவுசன், 1950களில் வெளியிட்ட பூனை நடத்தை ஆய்வுகளில், தாக்கும் உந்துதலையும் தற்காக்கும் உந்துதலையும் இரண்டு அச்சுகளாக வைத்துப் பூனையின் முகத்தையும் உடலையும் வரிசைப்படுத்திக் காட்டினார். முதுகை வில்லாக வளைத்து, மயிர் சிலிர்த்து, பக்கவாட்டில் நிற்கும் பூனையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பலர் அதைக் கோபம் என்பார்கள். லைஹவுசனின் விளக்கம் நுட்பமானது: முன்னங்கால்கள் பின்வாங்க விரும்புகின்றன, பின்னங்கால்கள் இடம்விட்டு நகரவில்லை, இடையில் முதுகு மேலே எழும்புகிறது. இரண்டு உந்துதல்களும் ஒரே நேரத்தில் ஓர் உடம்பில் இயங்குவதன் வடிவம் அது. அந்தப் பூனையை அடக்க நெருங்குவது தவறு. அது ஓடுவதற்கு வழி விடுவதே சரி.

3. குரல்

மில்ட்ரெட் மோல்க் 1944இல் வெளியிட்ட கட்டுரை பூனையின் ஒலிகளை வாய் மூடி எழுப்புபவை, வாயைத் திறந்து மூடி எழுப்புபவை, வாயைத் திறந்தபடியே வைத்து எழுப்புபவை என மூன்றாகப் பிரித்து, மொத்தம் 16 வகைகளைக் கண்டது. இரண்டாம் பிரிவில் வருவதுதான் ‘மியாவ்’. வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அரிது. குட்டி தாயை அழைக்கும் ஒலியைப் பூனை வளர்ந்த பிறகும் மனிதரிடம் பயன்படுத்துகிறது. நிக்கலஸ் நிகாஸ்ட்ரோ, வீட்டுப் பூனையின் மியாவையும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் மியாவையும் ஒப்பிட்டு, வீட்டுப் பூனையின் ஒலி குறுகியதாகவும் கீச்சுத்தன்மை கூடியதாகவும் மனிதக் காதுக்கு இனியதாகவும் இருப்பதை 2004இல் காட்டினார்.

ஆனால் மியாவ்களுக்கு எல்லாப் பூனைக்கும் பொதுவான அகராதி இல்லை. பதிவு செய்த ஒலியை மட்டும் கேட்டு, அது எந்தச் சூழலில் எழுந்தது என்று சொல்வதில் மனிதர்கள் ஓரளவே வெற்றி பெற்றார்கள். பூனையோடு பழகியவர்கள் சற்றுத் தேர்ச்சி காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பூனையும் ஒரு மனிதரும் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் வழக்கு அது.

பூனை எழுப்பும் ‘குர்ர்’ ஒலி பெரும்பாலும் மனநிறைவைக் குறிக்கும். ஆனால் வலியிலும், பிரசவத்திலும், மருத்துவரின் மேசையிலும்கூட அது எழும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு 2009இல் இன்னொரு வகையைப் பிரித்துக் காட்டியது. உணவு கேட்கும் பூனையின் குர்ர் ஒலிக்குள், சராசரியாக 380 ஹெர்ட்ஸ் அளவில், அழுகை போன்ற உயர்சுருதி ஒன்று புதைந்திருக்கிறது. மனிதக் குழந்தையின் அழுகைச் சுருதியும் அந்த எல்லையில்தான் வருகிறது. பூனை வளர்க்காதவர்கள்கூட அந்த ஒலியை அவசரமானது என்று உணர்ந்தார்கள். அந்தச் சுருதியை மட்டும் நீக்கியதும் அவசர உணர்வு குறைந்தது. விடியற்காலையில் நம்மைத் தூங்கவிடாமல் எழுப்புவது இந்த ஒலியே.

4. பற்றும் அறிமுகமும்

பூனைக்கு வளர்ப்பவரின் குரல் தெரியுமா? அட்சுகோ சைட்டோ 2013இல் வெளியிட்ட ஆய்வில், 20 பூனைகளுக்கு அந்நியர் மூவர் அவற்றின் பெயரை அழைக்கும் பதிவுகளும், பின்னர் வளர்ப்பவரின் குரலும் கேட்கச் செய்யப்பட்டன. அந்நியர் குரல்களுக்குப் படிப்படியாகக் குறைந்துபோன கவனம், வளர்ப்பவரின் குரலுக்கு மீண்டும் எழுந்தது. அது காது திரும்புவதிலும் தலை திரும்புவதிலும் தெரிந்தது. பூனைகள் எழுந்து வரவில்லை, குரல் கொடுக்கவும் இல்லை. கூப்பிட்டால் வராத பூனைக்கு நம்மைத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவோர் அடுத்த முறை அதன் காதைப் பார்க்க வேண்டும்.

பற்றின் தன்மையைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்த ஆய்வு, நாயிடமும் குழந்தையிடமும் காணப்படும், வளர்ப்பவரிடம் பாதுகாப்பைத் தேடும் பற்று வளர்ந்த பூனையிடம் காணப்படவில்லை என்றது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல் குழு 2019இல் வேறு முடிவுக்கு வந்தது. அறிமுகமில்லாத அறையில் வளர்ப்பவரோடு 2 நிமிடம், தனியாக 2 நிமிடம், மீண்டும் வளர்ப்பவரோடு 2 நிமிடம் எனப் பூனையை விட்டுப் பார்த்தார்கள். வகைப்படுத்திய 70 குட்டிகளில் 64.3 சதவீதம், வளர்ப்பவர் திரும்பியதும் தேறி, அவரைத் தொட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. வளர்ந்த பூனைகளிலும் ஏறக்குறைய அதே விகிதம். மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் 65 சதவீதத்தை ஒட்டியதே. என் கருத்தில் இரண்டு ஆய்வுகளும் முரண்படும் இடம் அளவுகோல்தான்: பிரிவின்போது எவ்வளவு துடிக்கிறது என்று கேட்டால் பூனை தோற்கும், திரும்பி வந்ததும் எப்படித் தேறுகிறது என்று கேட்டால் அதன் பற்று தெரியும்.

அன்றாட நடத்தையிலும் இதற்குச் சான்று உண்டு. காலில் கன்னத்தை உரசும் பூனை, கன்னத்திலும் வாயோரத்திலும் உள்ள சுரப்பிகளின் மணத்தை நம்மேல் பூசுகிறது. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசுவதும் இப்படியே. மடியில் ஏறி முன்பாதங்களால் சப்பாத்தி மாவு பிசைவது போல மாறி மாறி அழுத்துவது, பால் குடிக்கும் குட்டி தாயின் மடியில் செய்த அசைவின் தொடர்ச்சி.

எல்லாப் பூனைகளும் ஒரே அளவில் பழகுவதில்லை. பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதர் கைபட்ட குட்டிகளே பின்னாளில் எளிதில் பழகுகின்றன என்று டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஐலீன் கார்ஷ் காட்டினார். தந்தைப் பூனையின் துணிச்சல், அதைப் பார்த்தே இராத குட்டிக்கும் வருவதைச் சாண்ட்ரா மக்கியூன் 1995இல் எடுத்துக்காட்டினார். மடியில் ஏறாத பூனையைக் குறை சொல்லும் முன் அதன் முதல் ஏழு வாரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. தவறாகப் படிக்கப்படும் நடத்தைகள்

5.1 தடவும்போது கடிப்பது. ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்பார்கள். அருகிருந்து கவனித்தால் அது திடீரென நடப்பதில்லை. முதலில் குர்ர் ஒலி நிற்கும். வால் நுனி துடிக்கும். முதுகுத் தோல் ஓர் அலைபோலச் சுருங்கி விரியும். காது பக்கவாட்டில் திரும்பும். தலை கையை நோக்கித் திரும்பும். இத்தனைக்கும் பிறகுதான் பல். லிங்கன் பல்கலைக்கழகத்தின் சாரா எல்லிஸ் குழு 2015இல் கண்டபடி, வால் தொடங்கும் இடத்தைத் தடவும்போதுதான் பூனைகள் அதிக வெறுப்பைக் காட்டுகின்றன. கன்னம், தாடை, காதுக்கு முன்புறம் ஆகியவை பாதுகாப்பான இடங்கள்.

5.2 மல்லாந்து படுப்பது. உங்கள் முன் வயிற்றைக் காட்டிப் புரளும் பூனை உங்களை நம்புகிறது. வயிற்றைத் தொடச் சொல்லி அது கேட்கவில்லை. கை வைத்தால் நான்கு கால் நகங்களும் ஒன்றாகப் பற்றும்.

5.3 இடம் மாறிச் சிறுநீர் கழிப்பது. மெத்தையில் சிறுநீர் கழித்த பூனை பழிவாங்குகிறது என்பது தவறான எண்ணம். நோய், அழுக்கான மண்பெட்டி, வீட்டில் புதிய பூனை ஆகியவையே வழக்கமான காரணங்கள். கடுவன் பூனை அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால், சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். இரண்டொரு நாளில் உயிரே போகும் நிலை இது. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

5.4 மறைக்கப்படும் வலி. வலியில் இருக்கும் பூனை கத்துவதைவிட ஒடுங்குவதே அதிகம். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முக அளவுகோல் ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: காதின் நிலை, கண் சுருக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தோளுக்கு மேலா கீழா என்ற தலையின் நிலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்; மொத்தம் 10இல் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணம் தேவை. அதை மருத்துவரே தர வேண்டும். நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு.

6. வளர்ப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

சூரிச்சில் டென்னிஸ் டர்னரும் அவர் குழுவினரும் வீடுகளுக்கே சென்று பதிவு செய்ததில் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. பூனை தானாக வந்து தொடங்கும் கொஞ்சல், மனிதர் தொடங்குவதைவிட நீண்ட நேரம் நீடிக்கிறது. பூனையின் விருப்பத்துக்கு இணங்கும் வளர்ப்பவரின் விருப்பத்துக்குப் பூனையும் இணங்குகிறது. நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வும் இதையே உறுதி செய்தது: பூனைக்கே தேர்வை விட்டு, அதன் குறிகளைக் கவனித்து, தொடும் இடத்தை அறிந்து பழகச் சொல்லிக்கொடுத்ததும், பூனைகளின் சினம் குறைந்து நட்பு கூடியது.

நடைமுறையில் இது எளிது. விரலை மூக்கு உயரத்தில் நீட்டி, முகர்ந்து கன்னத்தை உரச விடுங்கள். உரசினால் தடவுங்கள். சில நொடிகளில் கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே தலையைக் கொண்டுவந்து முட்டும். தூங்கும்போதும், தின்னும்போதும், ஒளிந்திருக்கும்போதும் தூக்காதீர்கள். உயரமான ஓர் இடமும் ஒளிய ஓர் இடமும் வீட்டில் இருக்கட்டும். சின்னக் குழந்தைகளுக்கு வால் நுனியைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

முடிவுரை

பூனைக்கு நன்றியில்லை என்ற தீர்ப்பு ஆய்வின் முன் நிற்கவில்லை. அது நம் குரலை அறிகிறது, நம் வரவில் தேறுகிறது, தாய்க்குக் காட்டிய குறிகளை நமக்குக் காட்டுகிறது. சினத்தையும் வலியையும்கூட அது முன்கூட்டியே தெரிவிக்கிறது. கடிபட்டவர்களில் பலர் அந்த அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள். பூனை வளர்ப்போர் அனைவரும், அடிப்பதற்கும் விரட்டுவதற்கும் தெருவில் கொண்டு விடுவதற்கும் முன், அதன் வாலையும் காதையும் கண்ணையும் ஒரு வாரம் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.