மிஸ் சீஃபும் நிலத்தின் வழக்கும்: கென்ட் மாங்க்மன் ஓவியங்களை முன்வைத்து

1830களில் வட அமெரிக்கச் சமவெளிகளில் பயணம் செய்த ஜார்ஜ் கேட்லின், சாக், ஃபாக்ஸ் பூர்வகுடி மக்களின் நடனம் ஒன்றை வரைந்தார். பெண்ணுடை தரித்த ஆண் ஒருவர் நிற்க, வீரர்கள் அவரைச் சூழ்ந்து ஆடுகிறார்கள். அவரைப் புனிதராக அம்மக்கள் கருதியதையும் ஆண்டுதோறும் அவருக்கு விருந்தளித்ததையும் கேட்லினே 1841இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். இவ்வழக்கம் விரிவாகப் பதிவாகும் முன்பே ஒழிந்துவிட வேண்டும் என்ற விருப்பத்தையும் அங்கேயே தெரிவித்தார். ஆவணமாக்கும் கையே அழிவையும் வேண்டியது.

கிரீ பூர்வகுடி ஓவியர் கென்ட் மாங்க்மன் 2008இல் ஒரு காணொளிப் படைப்பின் வழியே இதற்கு மறுமொழி தந்தார். கேட்லின் ஒழியச் சொன்ன நடனம் காட்டெருமைத் தோல் வடிவத் திரைகளில் மீண்டும் நிகழ்கிறது. அதன் நாயகி, மாங்க்மனே வேடமேற்கும் மிஸ் சீஃப்.

குதிகால் உயர்ந்த காலணியோடு வரும் இவரைப் பாலின விளையாட்டின் உருவமாக மட்டும் கொண்டாடும் விமரிசனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பூர்வகுடிகளின் பாலின ஒழுங்கைக் குலைத்ததும் நிலத்தைப் பறித்ததும் ஒரே ஆட்சியின் ஒரே வேலை. மாங்க்மனின் நாடான கனடாவின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டம் பூர்வகுடி உரிமையை ஆண்வழியில் வரையறுத்தது. பூர்வகுடி அல்லாதவரை மணந்த பெண் அந்த உரிமையை இழந்தாள். குடும்பம் யாருடையது என்று முடிவுசெய்த சட்டமே ஒதுக்கு நிலத்தில் யார் வாழலாம் என்பதையும் முடிவுசெய்தது. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளோ அவர்களின் கூந்தலை வெட்டின, தாய்மொழியைத் தடுத்தன, ஆண் பெண் என்று பிரித்து அடைத்தன. இரண்டுக்கும் அப்பாற்பட்ட பிள்ளைக்கு அங்கே இடம் ஏது?

ஆகவே மாங்க்மனின் ‘த ஸ்க்ரீம்’ (2017) ஓவியத்தையும் அந்த நடனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவ்வோவியத்தில் செஞ்சட்டைக் காவலர்களும் பாதிரிமார்களும் அப்பள்ளிகளுக்காகத் தாய்மாரின் கைகளிலிருந்து குழந்தைகளைப் பிடுங்குகிறார்கள். அந்தக் குழந்தைகளோடு சேர்ந்து பிடுங்கப்பட்டதுதான் கேட்லின் கண்ட விருந்தும் மரியாதையும்.

மிஸ் சீஃப் மரபின் நேரடித் தொடர்ச்சி அல்ல, நவீனக் கேளிக்கை மேடையின் வார்ப்பு என்ற எதிர்வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மாங்க்மன் பழமையை மீட்டெடுத்ததாக உரிமை கோரவில்லை. வெள்ளையரின் வரலாற்று ஓவிய மரபைக் கைப்பற்றி, அதன் நடுவே தம் மக்களை நிறுத்துகிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2019 இறுதியில் வைக்கப்பட்ட இரு பேரோவியங்களுள் ஒன்றைப் பாருங்கள். வாஷிங்டன் டெலாவேர் ஆற்றைக் கடப்பதாக ஓவியர் லாய்ட்சே வரைந்த புகழ்பெற்ற காட்சி அதில் பூர்வகுடிகளின் படகாகிறது. வாஷிங்டன் நின்ற இடத்தில் மிஸ் சீஃப் நிற்கிறார். தலைமையும் திசையும் யாருடையவை என்ற அரசியல் கேள்வியை அவ்வுடல் எழுப்புகிறது.

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மிஸ் சீஃபின் உடலை மட்டும் போற்றும் வாசிப்பு, அந்த உடலை அதன் மக்களிடமிருந்து இன்னொரு முறை பிரிக்கிறது. பால்புதுமை ஆய்வுகள் நில உரிமையையும் தம் பாடப்பொருளாக ஏற்க வேண்டும்.