மீண்ட கைகள்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளருக்கென ஒரு பழைய மருத்துவ வளாகம் உண்டு. 1920களில் லேடி வில்லிங்டன் பெயரால் எழுந்த இல்லம் அது. 1955இல் நடுவண் அரசு அதை ஏற்றுப் பயிற்சி, ஆய்வு நிறுவனமாக்கியது. அதனை வளர்த்தவர் நம் சபையார் அல்லர், ஸ்காட்லாந்துச் சபையார். இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை.

1947இல் அங்குத் தலைமை மருத்துவராயிருந்த ராபர்ட் காக்ரேனைக் காண, வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். மறைப்பணியாளரின் மகனாக 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட ஓர் இளைஞரிடம், தம் கையை இறுகப் பற்றும்படி அவர் கேட்டார். பிடியின் வலிமை அவருக்கே வலித்தது. கை செத்துப்போகவில்லை, சில நரம்புகளே செயலிழந்தன, முன்கையின் நல்ல தசைகள் வேலையின்றிக் கிடந்தன!

1948 முதல் வேலூரில், விரலை மடக்கும் தசைநாண் ஒன்றை நான்காகப் பிரித்து, விரல்களுக்கெல்லாம் பகிர்ந்து தைத்தனர். ஆனால் கத்தியின் வேலை பாதிதான். மாவுக்கட்டு அவிழ்ந்த நாளில் விரல் தானே நிமிராது. மடக்கிப் பழகிய தசை நிமிர்த்தப் பழக வேண்டும். அதை மூளைக்குக் கற்பிக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். எண்ணெய் தேய்த்து, இறுகிய மூட்டுகளை நாள்தோறும் இளக்கிய உடலியக்கப் பயிற்சியாளர் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

பக்கவாதத்தில் பழுது மூளையிலேயே நேர்கிறது. ஆயினும் பாடம் ஒன்றே. பழுதுற்ற பகுதியின் பணியைப் பிற பகுதிகள் ஓரளவு ஏற்கின்றன, திரும்பத் திரும்பச் செய்வதனால். மணிக்கட்டும் விரலும் சிறிதேனும் அசைவோருக்கு, நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டுக் கட்டி, நலிந்த கையாலேயே தம்ளரை எடுக்கவும் பொத்தானிடவும் பழக்குவதுண்டு. நம் இல்லங்களிலோ அன்பு மிகுதியால் நாமே ஊட்டிவிடுகிறோம். மாமல்லபுரத்தில் உளி பிடித்த கையாயினும், ஆறு மாதம் மடியில் கிடந்தால் இறுகிப்போகும். கை சூம்பியவரை ஆண்டவர் தொழுகைக்கூடத்தில் நடுவே நிற்கச் செய்து, கையை நீட்டச் சொன்னார். அவரால் இயலாததையே அவரிடம் கேட்டார் என்பதை, பல ஆண்டுகள் மறையுரையில் நாம் கவனியாமலே கடந்தோம்.

வேலூரில் கை மீண்டவர் சிலர் ஊர் திரும்பி, மனம் உடைந்து வந்தனர். நேரான விரல்களைக் கண்டவர் பிச்சை இடவில்லை. நோயின் பெயரைக் கேட்டவர் வேலை தரவில்லை. ஆகவே அங்கே நவஜீவ நிலையம் எழுந்தது. தச்சு கற்று, மரப்பொம்மைகள் செய்தனர். கைகளில் உணர்ச்சி இல்லாமையால், வேலை முடிந்ததும் விளக்கருகே அமர்ந்து, அறியாமல் பட்ட காயம் உண்டோ என்று ஒவ்வொரு விரலையும் கண்ணால் பார்த்துத் தேடினர்.