தகர வில்லையிலிருந்து எக்ஸ்.எம்.எல். வரை

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியைப் பற்றியும் கடனைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆயினும் பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களில் பலரது வாழ்வைத் தீர்மானித்தது பதிவேட்டின் ஒரு வரிதான் என்பது என் கருத்து.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியிடம் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டப் பகுதிக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம், பெயருக்கு இடமில்லை. தோட்டத்தில் பெயர் செக்றோலில் ஏறியது. ஒரு நாள் வேலையையே 'பேர்' என்பது தோட்ட வழக்கு. கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், ஒரே ஆள் இரு ஏடுகளில் இரு பெயரோடு நிற்க நேர்ந்தது.

இதன் விலை பின்னர் தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. வாழ்ந்தால் மட்டும் போதாது, தாள் வேண்டும். 1964 அக்டோபர் 30இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இங்கே தங்கிவிட்ட நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமும் வழி திறந்தது.

இத்தகைய ஏடுகளைக் கணினியில் ஏற்ற முனைவோருக்கு ஏற்ற கருவி எக்ஸ்.எம்.எல். 1998 பெப்ரவரியில் தரமாக அறிவிக்கப்பட்ட இம்முறையில் ஒவ்வொரு தகவலும் தன் பெயர்ச்சீட்டோடு நிற்கும். கையால் எழுதினால் ஓர் அடைப்பை மூட மறந்தாலே ஆவணம் கெடும். ஆகவே நிரலைக்கொண்டு கட்டுவதே நன்று. பிரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய எலிமென்ட்ட்ரீ நூலகம் 2006இல் பைத்தன் 2.5உடன் சேர்க்கப்பட்டது. வேரை அமைத்து, கிளையை ஒட்டி, அதில் எழுத்தை வைத்தால் போதும். குறிகளை இடுவதும் மூடுவதும் அதன் வேலை. குறிச்சொற்களும் தமிழிலேயே இருக்கலாம்:

<ஆள்>
<பெயர் மூலம்="செக்றோல்">லெச்சிமி</பெயர்>
<பெயர் மூலம்="குடும்பம்">லட்சுமி</பெயர்>
</ஆள்>

கிளாக்கர் எழுதியது அழியவில்லை. குடும்பம் சொல்வதும் அதனருகே நிற்கிறது. எது சரியென்று கணினியில் ஏற்றுபவர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. கோப்பில் எழுதும்போது எழுத்துக்குறி முறையைச் சொல்லாவிட்டால் இந்நூலகம் தமிழெழுத்துகளை எண்களாக்கிவிடும். 'ப' 2986 ஆகும். தமிழ்க் குறிச்சொற்கள் அவ்வாறு மாறினால் கோப்பைக் கணினியால் படிக்க முடியாது. குறிகளுக்கு இடையிலுள்ள எழுத்தை அது மீண்டும் எழுத்தாகப் படித்துக்கொள்ளும். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கும் பேரப்பிள்ளைக்குத் தெரிவது எண்களே; தகர வில்லையில் இருந்ததும் அதுவே. யூ.டி.எஃப்.-8 என்று குறிப்பிட்டால் பெயர் பெயராகவே நிற்கும்.

நூலகம் ஆவணத்தின் வடிவத்துக்கே பொறுப்பு. குடும்பம் சொல்லும் பெயருக்குக் கிளை வைக்காத நிரல், பழைய அநீதியைப் பிழையின்றிப் படியெடுக்கும். அக்கிளையை வைப்பதா என்பதை நிரல் எழுதுபவரே முடிவு செய்கிறார். அவர் முதலில் தோட்டத்து மூத்தோரிடம் பேசட்டும்.