மனோன்மணீயத்தில் முன்னறிந்த முடிவு

தொலைக்காட்சிக் காதற்படங்களின் முடிவு முதற்காட்சியிலேயே புலப்பட்டுவிடும் என்று குறை கூறுவர். அது குறையெனின், திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்திற்கும் அக்குறை உண்டு. பாண்டியன் மகளும் சேரன் புருடோத்தமனும் நேரிற் காணுமுன்னரே கனவிற் கண்டு காதல் கொள்கின்றனர். மணம் உறுதி என்பதைக் கற்போர் அப்போதே உணர்வர். போரும் குடிலன் சூழ்ச்சியும் அதனைத் தாழ்த்துகின்றன, அவ்வளவே. லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' தந்த கதை இது.

எனினும் ஆசிரியர் அதனோடு நிறைவுறவில்லை. கோல்ட்ஸ்மித்தின் கதைப்பாடலைத் தழுவிய 'சிவகாமி சரித'த்தைத் தோழி வாணி பாடுவதாக நாடகத்தினுள் அமைத்தார். ஆணுடையில் அலைந்த சிவகாமி துறவிக்கோலத்திலுள்ள தன் காதலனையே அடைகிறாள். இம்முடிவையும் முன்னரே ஊகிக்கலாம். காதல்நோயுற்ற மனோன்மணிக்கு வேண்டியதும் அத்தகைய கதைதானே! 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இந்நாடகத்தை 'மனோன்மணி' எனத் திரைப்படமாக்கியது.