கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வழக்கமாக மற்றவர்களைப் பேசவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. இந்த முறை கடிகாரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். 'இணையத்தில் கிடைக்கும் மருத்துவத் தகவல்களை எந்த அளவுக்கு நம்பலாம்?' என்பது தலைப்பு. நான் மருத்துவர் அல்லள். பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். ஆகவே மருந்தைப் பற்றிப் பேசாமல், தகவலின் வரலாற்றைப் பற்றிப் பேசினேன். அதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. எங்கள் தாமான் கடைவரிசையில் ஒரு சைபர் கபே இருந்தது. ஒரு மணி நேரத்திற்கு இரண்டு வெள்ளி. அச்சடித்தால் தாளுக்கு 30 சென். பெரியப்பாவுக்கு இனிப்புநீர். "பாப்பா, கணினியில இதுக்கு என்ன மருந்து போட்டிருக்கான்னு பாத்துட்டு வா" என்றார். வீட்டில் ஆங்கிலமும் கணினியும் ஒருசேரத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலில் திறந்த அகப்பக்கத்தையே மூன்று தாள்களில் அச்சடித்து வந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மருத்துவமனை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அவற்றை நிறுத்திவிட்டு இன்ன மூலிகைக் குளிகையை எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் குணமாகும் என்று அதில் இருந்தது. பெரியப்பா ஒரு வெள்ளி கொடுத்து, மீதிப் பத்து சென்னை நீயே வைத்துக்கொள் என்றார்.

மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு முதலில் இரண்டு கால் விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாத்திரையை நிறுத்தியது மட்டும்தான் காரணமா என்று வீட்டில் யாரும் மருத்துவரிடம் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிவு வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் படிக்கும்போதுதான் ஒன்று தெரியவந்தது. நான் அந்தப் பக்கத்தை அச்சடிப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, அதை எப்படி எடைபோட வேண்டும் என்று மருத்துவ உலகம் எழுதி வைத்திருந்தது.

1997 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் சில்பர்க், லண்ட்பர்க், முசாக்கியோ என்ற மூவர் ஒரு தலையங்கம் எழுதினார்கள். இணையத்தில் வரும் மருத்துவத் தகவலிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்றார்கள். எழுதியது யார்? எங்கிருந்து எடுத்தது? இந்தப் பக்கத்தை நடத்துவது யார், இதில் யாருக்குக் காசு? எப்போது எழுதியது, எப்போது திருத்தியது? நான் கொண்டுவந்த மூன்று தாள்களில் இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் இல்லை. குளிகையின் விலை மட்டும் இருந்தது.

அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில், இத்தாலியின் மிலான் நகரிலுள்ள மாரியோ நெக்ரி ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் அரிய நோய் எதையும் தேடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்வது? தாய்மார் நள்ளிரவில் கேட்கும் இந்தச் சாதாரணக் கேள்விக்குத்தான் விடை தேடினார்கள். 41 பக்கங்கள் கிடைத்தன. மருத்துவ வழிகாட்டிகளில் உள்ள முக்கியப் பரிந்துரைகளோடு நெருக்கமாகப் பொருந்தியவை நான்கே நான்கு. உடலை ஈரத்துணியால் துடைப்பது எப்படி, காய்ச்சலை அளப்பது எப்படி என்பதில்தான் பெரும் பிழைகள் இருந்தன.

தீர்வு இல்லாமல் இல்லை. 1996இலேயே சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 'ஹெல்த் ஆன் தி நெட்' என்ற அறநிறுவனம் எட்டு நெறிகள் கொண்ட ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டிருந்தது. அதற்கு இணங்கும் அகப்பக்கங்கள் ஒரு முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். ஹலால் முத்திரையைப் பார்த்துச் சாமான் வாங்கும் ஊரில் வாழும் நமக்கு இது எளிதில் புரியும். ஆனால் முத்திரை ஒன்றோடு நிற்கவில்லை. ஆளுக்கொரு முத்திரை, ஆளுக்கொரு நட்சத்திரம், 'தலைசிறந்த பக்கம்' என்று ஆளுக்கொரு விருது. 1998இல் ஜடாட், காலியார்டி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மதிப்பீட்டுக் கருவிகளையே எடுத்து மதிப்பிட்டார்கள். 47 கருவிகள் கிடைத்தன. எதை வைத்து மதிப்பெண் கொடுக்கிறோம் என்று சொன்னவை 14தான். இரண்டு பேர் தனித்தனியே மதிப்பிட்டால் ஒரே விடை வருமா என்பதைச் சோதித்துக் காட்டியது ஒன்றுகூட இல்லை. ஆட்டுக்குக் காவல் வைத்தவனுக்கு யார் காவல் என்ற கதைதான்!

ஜெனீவாவின் முத்திரை மட்டும் நெடுங்காலம் நிலைத்தது. 2022இன் இறுதியில் அதுவும் நிறுத்தப்பட்டது. பழைய பக்கங்களில் அந்த முத்திரையை நீங்கள் கண்டால், அது இன்று யாராலும் சரிபார்க்கப்படாத வெறும் படம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2002இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஐசன்பாக், கோலர் என்ற இருவர் பொதுமக்களைக் கணினியின் முன் உட்கார வைத்து, மருத்துவக் கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லிக் கவனித்தார்கள். கலந்துபேசும்போது எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். நடத்துபவர் யார் என்று பார்ப்போம், அறிவியல் ஆதாரம் பார்ப்போம் என்றார்கள். கணினியில் தேடும்போது, 'எங்களைப் பற்றி' என்ற பகுதியை ஒருவர்கூடத் திறக்கவில்லை. சராசரியாக ஆறு நிமிடத்திற்குள் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு எந்தப் பக்கத்தில் படித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்கு நினைவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிறு ஆறுதல். பன்னிரண்டு வயதுச் சிறுமி செய்ததையேதான் ஜெர்மனியின் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் அரசாங்கம் சொல்வதை மட்டும் நம்பிக்கொண்டு இருந்துவிடலாமே என்று கலந்துரையாடலில் ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக விடை தருவதில்லை.

2003இன் தொடக்கத்தில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் இனந்தெரியாத நிமோனியா பரவியது. அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. பிப்ரவரி 8ஆம் தேதி, குவாங்சோவில் உயிரைக் குடிக்கும் சளிக்காய்ச்சல் என்ற குறுஞ்செய்தி கைத்தொலைபேசிகளில் கோடிக்கணக்கான முறை பறந்தது. கூடவே, வினிகரைக் காய்ச்சி வீட்டில் ஆவி பிடித்தால் நோய் அண்டாது என்ற செய்தியும் பரவ, வினிகர் விலை தாறுமாறாக ஏறியது. பிப்ரவரி 11ஆம் தேதிதான் மாநில அதிகாரிகள் 305 பேருக்கு நோய், 5 பேர் மரணம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆக, பெயரில்லாத குறுஞ்செய்தி நோயைப் பற்றிச் சொன்னது உண்மை. வினிகரைப் பற்றிச் சொன்னது பொய். இரண்டும் ஒரே வழியாக, ஒரே கைத்தொலைபேசிக்கு வந்தன.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி அதே வாரத்தில் நடந்தது. தொற்றுநோய்ச் செய்திகளை உலகெங்குமுள்ள மருத்துவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் 'புரோமெட்' என்ற சேவை 1994 முதல் இயங்கி வருகிறது. அமெரிக்க மருத்துவர் ஒருவருக்கு, குவாங்சோவில் மருத்துவமனைகள் மூடப்பட்டு மக்கள் சாகிறார்கள் என்ற தகவல் கிடைத்தது. ஆதாரம் என்ன? தெரிந்தவர், அவருக்கு இணைய அரட்டையில் பழக்கமான இன்னொருவர். நம் கோப்பிக்கடைப் பேச்சுக்கு இதைவிட வலுவான ஆதாரம் இருக்கும்! பிப்ரவரி 10ஆம் தேதி புரோமெட் அதை வெளியிட்டது. ஆனால் செய்தியாக வெளியிடவில்லை. 'விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று கேள்வியாக வெளியிட்டது. தகவல் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. சார்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நோயைப் பற்றி வெளியுலகத்துக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று.

அறிவிப்பாளராக நான் மிகவும் விரும்பும் உதாரணம் இதுதான். வதந்தியை வதந்தி என்று எழுதி ஒட்டி வெளியிட்டால், அதுகூடப் பயன்படுகிறது.

பிறகு ஏப்ரல் முதல் தேதி. ஹாங்காங்கில் 14 வயதுப் பையன் ஒருவன் 'மிங் பாவ்' நாளிதழின் அகப்பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, ஹாங்காங் நோய் தொற்றிய துறைமுகமாக அறிவிக்கப்படப் போகிறது என்று எழுதிவிட்டான். மக்கள் பேரங்காடிகளுக்கு ஓடி அரிசியையும் டின் உணவையும் வாரிக்கொண்டார்கள். சுகாதாரத் துறையின் தலைமையில் அப்போதிருந்த மார்கரெட் சான் நேரில் வந்து மறுக்க வேண்டியதாயிற்று. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருந்தது. எழுத்து, நிறம், பத்திரிகையின் பெயர் உட்பட. அன்றைய முட்டாள்தின விளையாட்டை இன்று எந்தக் கைப்பேசியிலும் சில நொடிகளில் செய்துவிடலாம்.

சிங்கப்பூரில் அந்த ஆண்டு 238 பேருக்கு சார்ஸ் கண்டது. 33 பேர் இறந்தார்கள். மலேசியாவில் 5 பேருக்குக் கண்டு, 2 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் மே மாதம் சார்ஸ் செய்திகளுக்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு நோய்க்கு ஒரு அலைவரிசை என்பதை அதற்கு முன் நாம் கேட்டதில்லை.

நம் வீட்டுக் கதைக்கும் வருவோம். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப்பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்டது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் பொருந்தாத விவரங்கள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். கொசு எல்லாரையும்தான் கடிக்கிறது, பன்றியோடு புழங்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 265 பேரில் 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன.

இதைச் சொல்வதால் சுகாதார அமைச்சை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தவற்றைக் கண்டுபிடித்ததும் நம் நாட்டு ஆய்வுக்கூடம்தான். அதைத் திருத்தி உலகத்திற்கு அறிவித்ததும் அதே மருத்துவத் துறைதான். மூலிகைக் குளிகை விற்ற பக்கம் எந்தத் திருத்தமும் வெளியிட்டதில்லை. எனக்குத் தெரிந்த பெரிய வேறுபாடு இதுவே.

திருத்தம் தாமதமாக வருவதும் உண்டு. 1998 பிப்ரவரியில் லண்டன் 'லான்செட்' சஞ்சிகையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பிருக்கலாம் என்ற அச்சத்தைக் கிளப்பியது. நான்கு கேள்விகளை அதனிடம் கேட்டுப் பாருங்கள். எழுதியவர் பெயர் இருக்கிறது. மேற்கோள்கள் இருக்கின்றன. தேதி இருக்கிறது. காசு யாருடையது என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை மறைக்கப்பட்டிருந்தது. தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்காடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்ததை 2004இல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வெளிக்கொண்டு வந்தார். லான்செட் அந்தக் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். இணையத்தில் அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை.

இன்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு 'எங்களைப் பற்றி' என்ற பகுதியே கிடையாது. அனுப்பியவர் அத்தையாகவோ மாமாவாகவோ இருப்பதால், எழுதியவர் யார் என்று கேட்பதே மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. மலேசியாவில் 2017 மார்ச்சில் 'செபெனார்ஞா' என்ற சரிபார்ப்பு அகப்பக்கத்தைத் தொடங்கினார்கள். பகிரும் முன் அங்கே ஒரு முறை பார்க்கலாம். நான் அத்தையிடம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "இதை உங்களுக்கு யாரு அனுப்புனா அத்தை?" பெரும்பாலும் அவருக்கு நினைவிருப்பதில்லை.

பெரியப்பா 2011இல் காலமானார். அலமாரியைத் துப்புரவு செய்தபோது மருத்துவமனை அட்டைக்கு அடியில் அந்த மூன்று தாள்களும் நான்காக மடித்தபடி இருந்தன. மூலையில் பேனாவால் ஒரு வட்டம். பக்கத்தின் அடியிலிருந்த தேதியைச் சுற்றி அவர் போட்டது. புதிய தகவல்தான் என்று நம்பியிருக்க வேண்டும். அது அந்தக் கட்டுரை எழுதப்பட்ட தேதி அல்ல. நான் அச்சடித்த நாளைச் சைபர் கபே கணினி தானாகப் போட்டது. அந்த மூன்று தாள்களிலும் வேறு தேதியே இல்லை.