நிரந்தர இடம் எத்தனை ஆண்டுக்கு?

வீடு வாங்கும்போது பத்திரத்தில் நம் பங்கு நிலம் எவ்வளவு என்று பார்த்தே கையெழுத்துப் போடுகிறோம். கல்லறைக்கும் இப்படிக் கணக்கு உண்டு. அதன் கதையில் பாரிஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பாரிஸின் நடுவே இருந்த இன்னசன்ட்ஸ் இடுகாட்டில் பெரும்பாலோரைப் பொதுக்குழிகளில்தான் புதைத்தார்கள். இடம் நிரம்பி, நாற்றம் தாங்காமல் 1780இல் அதை மூடினார்கள். எலும்புகளைப் பழைய கல் சுரங்கங்களுக்கு மாற்றினார்கள். 1804இல் வந்த அரசாணை, இடுகாடு ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்றது. குடும்பங்கள் பணம் கட்டித் தனி இடம் பெறவும் வழி செய்தது. அதே ஆண்டு பெர் லஷேஸ் இடுகாடு திறக்கப்பட்டது. தொலைவு என்று மக்கள் தயங்கினார்கள். 1817இல் நாடகாசிரியர் மோலியேரின் எலும்புகள் என்று கருதப்பட்டவற்றை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு மவுசு கூடியது. ஆனால் 'நிரந்தர' இடமும் கவனிப்பாரற்றுச் சிதைந்தால், அறிவிப்பு கொடுத்து நகராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிலம் குறைந்த சிங்கப்பூரில் 1998 நவம்பர் முதல் புதைகுழிக்கு 15 ஆண்டுதான் கெடு. பிறகு தோண்டி எடுத்து, அவரவர் மத வழக்கப்படி தகனமோ மறு அடக்கமோ செய்கிறார்கள்.

ஆக, இடம் வாங்குவது பாதி வேலைதான். புதைப்பதா, எரிப்பதா, ரசீது எந்த அலமாரியில், கெடு எப்போது என்பதை எழுதி வைப்போம். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், நடுராத்திரியில் ஓடி வருபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்.