லண்டன் இறப்புப் பட்டியல்கள்

லண்டன் நகரின் திருச்சபைப் பங்குகள்தோறும் இறந்தவர்களைக் கணக்கிட்டு வாரந்தோறும் அச்சிடப்பட்ட தாள்கள். பிளேக் பரவிய 16ஆம் நூற்றாண்டில் தோன்றி, 1603 முதல் இடைவிடாது வெளிவந்தன. எந்த நோயால் இறந்தார் என்ற விவரம் 1629 முதல் இடம்பெற்றது. மூதாதையரின் உடல்நலத்தை ஆராய்வோருக்கு இவை மிகப் பழைய ஆதாரங்களுள் ஒன்று.

நோயின் பெயரைச் சொன்னவர் மருத்துவர் அல்லர். ‘தேடுநர்’ எனப்பட்ட ஏழை மூதாட்டியர், சாவு வீட்டுக்குப் போய்ப் பிணத்தைப் பார்த்து, வீட்டாரிடம் கேட்டுச் சொன்னதே பதிவானது. அதனால்தான் ‘பல்’, ‘திடீர்’, ‘முதுமை’, ‘நுரையீரல் மேலேறுதல்’ என்றெல்லாம் காரணங்கள் உள்ளன. பல் முளைக்கும் பருவத்தில் இறந்த குழந்தை ‘பல்’ என்ற வரியில் சேர்ந்தது. உயிரைப் பறித்தது காய்ச்சலா, வயிற்றுப்போக்கா என்று இன்று அறிய வழியில்லை. ‘அரசர் நோய்’ என்றது நம் பாட்டிமார் சொன்ன கண்டமாலை. ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு அம்மை’ என்ற மேகநோயைத் தமிழர் பறங்கிப்புண் என்றனர். இருவருமே பழியை அயலார்மீது போட்டார்கள்.

துணி வணிகரான ஜான் கிரான்ட், 1662இல் வெளியிட்ட நூலில் இத்தாள்களை முதன்முதலாக ஆராய்ந்தார். பிறந்த நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறந்தனர் என மதிப்பிட்டார். மேகநோய்ச் சாவுகள் மிகக் குறைவாக இருந்ததை அவர் நம்பவில்லை. கூடுதல் காசும் மதுவும் பெற்ற தேடுநர், அவற்றை எலும்புருக்கி நோய் என்று மாற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று ஐயுற்றார். கணை நோயால் (ரிக்கெட்ஸ்) 14 பேர் இறந்ததாக 1634இல் முதன்முறையாக ஒரு பதிவு வருகிறது. அந்த நோயே அப்போதுதான் வந்ததா, பழைய நோய்க்குப் புதுப்பெயர் கிடைத்ததா? கிரான்ட் அதோடு நிற்காமல், ‘ஈரல் வீக்கம்’ போன்ற ஒத்த பெயர்களின் எண்ணிக்கையையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்த்து, நோயும் புதிது, பெயரும் புதிது என்று முடிவு செய்தார். முடிவைவிட அவர் கேட்ட கேள்வி பெரியது. பழைய பதிவில் தன் பாட்டனாரின் நோயைத் தேடும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

1665ஆம் ஆண்டுப் பட்டியலில் மொத்தச் சாவு 97,306. அதில் பிளேக் 68,596. நோயை மறைத்த வீடுகள் பல என்பதால் உண்மைத் தொகை இதனினும் கூடுதல் என்பது வரலாற்றாளர் கருத்து. மேலும் ஆங்கிலிகன் திருச்சபையில் அடக்கம் செய்யப்படாத யூதர், குவேக்கர் போன்றோர் பெரும்பாலும் இக்கணக்கில் வரவில்லை. இறந்தவர் வயது 1728 முதல் சேர்க்கப்பட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837இல் பிறப்பு, இறப்புகளின் அரசுப் பதிவு தொடங்கியது. பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்களும் ஒரே பெயருக்குப் பல நோய்களும் வழங்கிய குழப்பத்தைக் கண்டு, நோய்ப் பெயர்களை வகைப்படுத்தினார். 1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ லண்டனின் சோகோ பகுதியின் காலராச் சாவுகளை அந்த அலுவலகத்தில் பெற்று, வீடு வீடாக விசாரித்து, பிராட் தெருத் தண்ணீர்க் குழாயே நோயின் ஊற்று என அடையாளம் கண்டார். இறப்பின் காரணத்துக்கு மருத்துவச் சான்றைக் கட்டாயமாக்கும் சட்டம் 1874இல் வந்தது. அதற்கு முந்தைய சான்றுகள் பலவற்றில், நோயின் பெயர் வீட்டார் வாய்மொழியாகச் சொன்னதே.